பத்துக்கு எத்தனை?

தெருவே அவளைப் பார்லர் அக்கா என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் கட்டிய கணவரும் அப்படியே கூப்பிடுவார். நாளெல்லாம் நின்றபடி முடி வெட்டுகிறவளுக்குச் சர்க்கரை வியாதி கைவைத்தது பாதத்தில். உள்ளங்கால் இரண்டும் எரிந்தன. போர்வை நுனி பட்டால்கூட உயிர் போனது. கேட்டால் மட்டும், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பாள். கால் கைவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்ற பயத்தைக்கூட அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். கால் எரிச்சலுக்குப் புது மருந்து, ஆய்வில் சேர விரும்பும் நோயாளிகள் மூன்றாம் மாடிக்கு வரலாம் என்றிருந்தது. லிஃப்டைச் சரிசெய்து, அதிலேயே ஏறி மூன்றாம் மாடிக்குப் போய் எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"சோதனை பண்ற மருந்தா? நான் என்ன எலியா?" என்றாள் அக்கா.

"எலிக்கெல்லாம் குடுத்துப் பாத்தாச்சாம். இப்ப நம்ம முறை."

மூன்றாம் மாடி நர்ஸ் சின்னப் பெண். அவசரமே படாமல் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னாள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. பக்கவிளைவு வரலாம். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பிறகு கேட்டாள்:

"வலியே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியாதுன்னா பத்து. உங்களுக்குப் பத்துக்கு எத்தனைக்கா?"

"ஒரு ரெண்டு, மூணு இருக்கும்மா."

நர்ஸ் பேனாவை மூடினாள். ஐந்துக்குக் கீழே இருந்தால் சேர்க்க முடியாதாம்.

"ராத்திரி முழுக்க பாத்ரூம் தரையில காலை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கிறது யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?" என்று வெடித்தார் கணவர்.

"சார், அவங்களே சொல்லட்டும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, ஏதோ திருடியதை ஒப்புக்கொள்வது போல, "எட்டு" என்றாள்.

அப்படித்தான் சேர்ந்தாள். வேளை தவறாமல் மாத்திரை போட்டாள். எரிச்சல் துளியும் குறையவில்லை. ஆனால் அடுத்த தடவை போனபோது, அந்தப் பெண் ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்ட விதத்தில் அக்காவுக்கு மனசு இளகிவிட்டது. "மூணும்மா. நல்லா கேக்குது" என்று வாய் தானாகச் சொன்னது. வீட்டில் கணவரிடமும் அதையே சொன்னாள்; ராத்திரி அவர் தூங்கிய பிறகே பாத்ரூமுக்குப் போனாள். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வாரம் பார்லருக்கு புது வாடிக்கைக்காரி ஒருத்தி வந்தாள். வெட்டி முடித்து, அக்கா கைக்கண்ணாடியால் பின்பக்கம் காட்டினாள். "நல்லா இருக்குக்கா" என்று உதடு சிரித்தது. கண் மட்டும் காதோரத்துக்கே திரும்பத் திரும்பப் போனது. அக்காவுக்கு இந்தப் பார்வை அத்துப்படி. இவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் திட்டுவார்கள், மறுபடி இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். காதோரம் ஒரு பக்கம் நீளமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் ஒரு நிமிஷத்தில் சரிசெய்துவிடலாமே என்று மனசுக்குள் பொரிந்தவள், சட்டென்று நின்றுவிட்டாள்.

மூன்றாம் மாடியில் தான் செய்ததும் இதேதான். இங்கேயாவது ஒரு தலையோடு போயிற்று. அங்கே அவள் சொன்ன மூன்றை நம்பி முகம் தெரியாத எத்தனை பேர் அந்த மாத்திரையை விழுங்கப்போகிறார்களோ! அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. திரும்பப் போய் எட்டு என்று சொன்னால், மருந்து தனக்குக் கேட்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டதாகிவிடும்.

ஆனாலும் போனாள். என்ன ஏது என்று சொல்லாமல் கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்மா. உன் முகம் வாடிடுமேன்னு சொன்னேன். மூணு இல்ல, எட்டு. இப்பவும் எட்டுதான்."

கணவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். இனி வராதீர்கள் என்று நர்ஸ் சொல்லப்போகிறாள் என்று நினைத்து அக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்காக வலி குறைய வேணாம்க்கா" என்றாள் நர்ஸ். "ரெண்டையும் எழுதி டாக்டர்கிட்ட காட்டணும். தொடர்றதா வேணாமான்னு அவரோட பேசிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க." பிறகு குனிந்து பாதத்தைப் பார்த்தாள். "எந்தக் கால்ல ஜாஸ்தி?"

இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அக்கா சொல்ல ஆரம்பித்தாள். விரலிடுக்கில் ஆரம்பித்துக் குதிகால்வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். நடுவே அழுதும் தீர்த்தாள்.

வெளியே வந்து லிஃப்டுக்காக நின்றபோதுதான் கணவர் பேசினார்.

"எங்கிட்டயும் மூணுன்னுதானே சொன்ன?"

"ஊரெல்லாம் சொல்லிட்டு வந்து நிக்கிறீங்க. எப்படி மாத்திச் சொல்றது?"

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவர் ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டு போயிற்று.

"இப்ப எத்தனை? இப்படி நின்னுக்கிட்டிருக்கும்போது?"

அக்கா யோசித்தாள்.

"ஒம்பது."

வெளியே வந்ததும் சுவரோரப் பெஞ்சில் தான் வைத்த துணிப்பையை அவர் எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "உக்காரும்மா" என்றார். நாளெல்லாம் ஊரை உட்காரவைத்துவிட்டுத் தான் நிற்கிறவள், மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள்.