சிப்பித்தூளும் செவலையும்

தூத்துக்குடி பீச் ரோட்டில் சங்கும் சிப்பியும் விற்கிற லிங்கராஜுக்குத் தன் சரக்கின்மேல் அசாத்திய நம்பிக்கை. சிப்பித்தூள் தின்ற கோழி கெட்டியான ஓட்டோடு முட்டையிடும், அது ஊரறிந்த சங்கதி. மாடு தின்றால் என்ன ஆகும் என்பதை அவனே முடிவு செய்துகொண்டான். சினையாக இருந்த தன் பசு செவலைக்குத் தினமும் தவிட்டோடு ஒரு கை நிறைய அள்ளிப் போட்டான். எதற்கு இந்த வேலை என்று மனைவி வடிவு கேட்டாள்.

"ஏளா, சுண்ணாம்புச் சத்து. கன்னு போடும்போது தெம்பா நிக்கும்" என்றான்.

நேற்றுச் சாயங்காலம் செவலை நல்லபடியாகக் கிடேரிக் கன்று போட்டது. இன்று விடிந்து பார்த்தால் தரையோடு தரையாகக் கிடக்கிறது. தலை விலாப்பக்கம் மடங்கிவிட்டது, காது ஜில்லிட்டுப்போயிருந்தது. கண் திறந்திருந்தும் யாரையும் பார்க்கவில்லை. தாய் செத்த கன்றாக வந்த செவலையைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவன் லிங்கராஜ். அதன் கன்றுக்கும் அதே கதி வந்துவிடக் கூடாதே என்று குலசாமியை எல்லாம் கூப்பிட்டான்.

கால்நடை டாக்டர் ஸ்ரீப்ரியா வந்து பார்த்ததும் கழுத்து நரம்பில் ஊசியைக் குத்தி, மருந்து பாட்டிலை அவன் கையில் கொடுத்தாள்.

"கால்சியம், அண்ணாச்சி. இந்த உசரத்துலயே பிடிங்க. மேல தூக்குனா வேகமா இறங்கும், இதயம் நின்னுரும்."

"சுண்ணாம்புச் சத்துதான டாக்டரம்மா?"

"இதயம் துடிக்கிறதே அதாலதான். குறைஞ்சாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து." அவள் ஸ்டெதஸ்கோப்பை மாட்டின் நெஞ்சில் வைத்தாள். "ரத்தம் முழுக்க இருக்க வேண்டியது ஒரு சிட்டிகைதான். அதைச் சீம்பால் இழுத்துட்டு. எலும்புல கிலோக்கணக்கா கிடக்கு, ஆனா உடம்புக்கு அதை எடுக்கத் தெரியல. சினையில சுண்ணாம்புச் சத்து நிறைய குடுத்தீங்களா?"

வடிவு புருஷனைப் பார்த்தாள்.

"நாந்தான் குடுத்தேன். தெனமும்" என்றான் லிங்கராஜ்.

"தினமும் வாயில வந்து விழுந்தா, உடம்பு எதுக்கு எலும்புல போய்த் தேடும்? அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு."

அவன் கையிலிருந்த பாட்டிலை அண்ணாந்து பார்த்தான். கடையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிற அதே பொருள்தான். அதில் ஒரு சிட்டிகை இவ்வளவு பெரிய மாட்டை நிற்க வைக்கிறது, ஒரு சிட்டிகை இல்லாவிட்டால் சாய்த்துவிடுகிறது. ஆயுசு முழுக்க அதை அள்ளி அள்ளி விற்றவன், அது என்னவென்று இன்றைக்குத்தான் பார்த்தான்.

"இறக்குங்க" என்றாள் டாக்டர் சட்டென்று. துடிப்பு தடுமாறியிருக்கிறது. பாட்டிலை இறக்கினான், மூச்சையும் அடக்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ சரி, அப்படியே பிடிங்க" என்றாள்.

பாட்டில் காலியாகும்போது செவலையின் தோல் சிலிர்த்தது. பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது, சாணி போட்டது. டாக்டர் ஊசியை உருவினாள். மாடு பின்னங்காலை ஊன்றியது, தள்ளாடியது, எழுந்து நின்றேவிட்டது. கன்று ஓடிப்போய் மடியை முட்டியது.

"ஒட்டக் கறந்துராதீங்க, மறுபடியும் சத்தெல்லாம் பாலோட போயிரும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போனாள்.

லிங்கராஜ் காலிப் பாட்டிலை அதே உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏங்க, கையை இறக்குங்க. அது எந்திச்சிட்டு" என்றாள் வடிவு.

அவனுக்கு அசையப் பயமாக இருந்தது. செவலை தலையை நீட்டி, வேர்வையில் நனைந்திருந்த அவன் மணிக்கட்டை உப்புக்காக நக்கியது. அப்போதுதான் கை தானாக இறங்கியது, அவன் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.