நாரை எந்தக் கையில்

10 நவம்பர் 2025, திங்கள்

இன்று ஒரு சின்னத் தவறு. நோட்டில் போட்டிருக்கும் ஒப்பீட்டு அட்டவணையின் 31-ஆம் வரியில், ஏழாவது எபிசோடுக்கு நேராக இருபத்திரண்டாம் அத்தியாயம் என்று எழுதியிருந்தேன். இருபத்தொன்று என்று இருக்க வேண்டும். அடித்துத் திருத்திவிட்டேன். நானே கண்டுபிடித்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. கண்டுபிடித்தவர் ஆனந்தன்.

அவர் அதைக் குத்திக்காட்டவும் இல்லை. வகுப்பு முடிந்து கீழே டீக்கடையில் நின்றபோது நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "இந்த ஒரு இடம் மட்டும் பாத்துக்கங்க செல்வா, மத்ததெல்லாம் பிரமாதம்" என்று மெதுவாகச் சொன்னார். டில்லிபாபு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். இரண்டு வருடத்தில் என் நோட்டில் ஒருவர் தவறு கண்டுபிடித்து அவன் பார்ப்பது இதுதான் முதல் முறை.

அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில், திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் ஜப்பானிய மொழி வகுப்பு நடக்கிறது. பகலில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இயந்திர ஷாஃப்டுகளை அளந்து பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரிப்பது என் வேலை. டில்லிபாபு அண்ணனூர் கார் ஷெட்டில் ஒப்பந்தத்தில் ரயில் பெட்டி கழுவுகிறான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். 'வெள்ளை நாரைத் துறை' என்ற மங்காவை, அந்த ஜப்பானியப் படக்கதையை, அவனுக்குக் கொடுத்தவன் நான். அது அனிமேயாக, கார்ட்டூன் தொடராக, வந்ததும் பன்னிரண்டு எபிசோடையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு இந்த அட்டவணையைப் போட்டேன். எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்று மூன்று பத்தி. மாற்றியவற்றில் கவனக்குறைவான பிழைகள் என்று பதினோரு இடங்களைச் சிவப்பில் குறித்திருக்கிறேன்.

அவற்றில் பெரியது நாரைச் சூடு. கதாநாயகன் குராசே ஒரு படகோட்டி. அவன் முன்கையில் நாரை வடிவத்தில் சூடு போட்ட தழும்பு இருக்கும். மங்காவில் வலது கை. அனிமேயில் இடது கையாக்கிவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன் டில்லிபாபு அந்த நாரையைப் பச்சை குத்திக்கொள்ள ஆவடியில் ஒரு கடைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரர் இடது கையில் பேனாவால் வரைந்தே முடித்துவிட்டார். நான்தான் நிறுத்தினேன். அது அனிமேக்காரர்கள் செய்த பிழை, மூலத்தில் வலது கை என்று சொல்லி, ஸ்பிரிட் தொட்டு அழிக்க வைத்து, வலது கையில் குத்த வைத்தேன். "செல்வா சொன்னா கரெக்டா இருக்கும், நீ குத்து அண்ணாத்தே" என்றான் டில்லி.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வகுப்பில் விவாதம். மங்கா சிறந்ததா, அனிமே சிறந்ததா? மங்கா பக்கம் நானும் டில்லியும். அனிமே பக்கம் ஆனந்தனும் நிஷாவும். நிஷா பூந்தமல்லியில் மருந்துக்கடையில் இருக்கிறாள். இன்றே டீக்கடையில் பாதி விவாதம் நடந்துவிட்டது. "அந்த மழை சீன்ல உங்க புக்ல இன்னா கீது? கோடு கோடா கீது" என்றாள் அவள். "அந்தக் கோட்டுக்குத்தான் நான் அழுதேன். உனக்கு வயலின் வாசிச்சாத்தான் அழுவ வரும்" என்றான் டில்லி. மூன்றாம் எபிசோடில் வரும் திருவிழாவே கதையில் இல்லாத வெறும் ஃபில்லர் என்று நான் சொல்ல, அந்தத் திருவிழா இல்லாவிட்டால் குராசே ஏன் ஊரை விட்டுப் போகிறான் என்பதே புரியாது என்று ஆனந்தன் சொன்னார். அது நல்ல பதில். அதனால் நான் நாரைச் சூட்டை எடுத்தேன். டில்லி சட்டைக் கையை மடித்து நீட்டினான்.

ஆனந்தன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு எந்தக் கை என்று நினைவில்லையாம். ஜப்பானிலேயே அச்சான மூன்றாம் தொகுதி வீட்டில் இருக்கிறதாம், புதன்கிழமை கொண்டுவருகிறாராம். அலுவலகத்தில் அவரை மூன்று வாரம் ஒசாகாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே பழைய புத்தகக் கடையில் வாங்கியது.

"கொண்டா மச்சான், பாத்துரலாம்" என்றான் டில்லி.

ஆனந்தனுக்கு வயது முப்பது. திண்டுக்கல்காரர், சென்னீர்குப்பத்தில் ஃபிளாட். வகுப்பில் சேர்ந்தபோது டில்லி அவரை சார் என்றான். ஆயுத பூஜைக்குப் பிறகு அண்ணாத்தே. இன்று மச்சான். என்னை அப்படிக் கூப்பிட அவனுக்கு மூன்று வருடம் ஆனது. அதுவரை நான் 'ஏய் கணக்கு'.

12 நவம்பர், புதன்

காலையிலிருந்து மழை. வகுப்புக்கு இருபது நிமிடம் முன்னதாகவே போனேன். ஏன் என்று எனக்கே தெரியும். டில்லிக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை நான் பார்த்துவிட வேண்டும்.

ஆனந்தன் அதை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கேட்டதும் கொடுத்துவிட்டார். எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நானாக இருந்தால் அட்டை மடங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன், தேதி குறித்திருப்பேன். இப்படிக் கொடுக்கிறவரிடம் எரிச்சல்படக்கூட வழியில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஷிஃப்ட் முடிந்து டில்லி தாமதமாக வந்தான். வந்ததும் புத்தகம் எங்கே என்றான். என் பையில் இருக்கிறது, வீட்டில் சரிபார்த்து அட்டவணையில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். அவன் திறக்கச் சொல்லவில்லை.

"நீ பாத்தா போதும் மச்சான். நான் பாத்து இன்னா கிழிக்கப் போறேன்."

அப்போது மனசு நிறைந்தது. அரை மணி நேரம்தான். மழை விடவில்லை, லோக்கல் ரயிலும் தாமதம் என்றார்கள். ஆனந்தன், அண்ணனூர் வழியாகவே போகிறேன், வா என்று டில்லியை பைக்கில் ஏற்றிக்கொண்டார். சென்னீர்குப்பம் போகிறவருக்கு அண்ணனூர் வழியே இல்லை. பைக்கில் இரண்டு பேருக்குத்தான் இடம். "செல்வா, நீ ரயில்ல வந்துரு" என்று டில்லி ரெயின்கோட்டுக்குள்ளிருந்து கத்தினான். இருபத்தைந்து நிமிடம் பிளாட்பாரத்தில் நின்றேன். நானும் அண்ணனூர்தான். நாங்கள் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் வைத்து எபிசோடு பார்த்ததெல்லாம் அந்த ரயிலில்தான்.

வீட்டுக்கு வந்து கை துடைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். எண்பத்தெட்டாம் பக்கம். குராசே துடுப்பை ஊன்றி நிற்கிறான். நாரை இடது கையில் இருக்கிறது.

முதலில், இந்தப் பதிப்புத் தவறாக அச்சாகியிருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு என் பிரிண்ட்அவுட்டை எடுத்தேன். இணையத்திலிருந்து இறக்கி, கீழே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஸ்பைரல் போட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கை மட்டுமல்ல, படகும் எதிர்ப்பக்கம் இருந்தது. ஆலமரம் போல விரிந்த அந்தப் பெரிய மரமும் எதிர்ப்பக்கம்.

அப்போதுதான் கழுத்துப்பட்டி கண்ணில் பட்டது. போன மாதம் கிருஷ்ணப்பிரியா மிஸ் வகுப்புக்கு கிமோனோ என்ற ஜப்பானிய அங்கி ஒன்றைக் கொண்டுவந்து, ஆணோ பெண்ணோ இடப்பக்கத் துணி எப்போதும் மேலே வர வேண்டும் என்று காட்டினார். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்துவது. நான் குறிப்பும் எடுத்தேன். என் பிரிண்ட்அவுட்டில் குராசேக்கு வலப்பக்கம் மேலே. அவன் தங்கைக்கு வலப்பக்கம் மேலே. டீக்கடைக்காரிக்கும், வரி வசூலிக்கிறவனுக்கும், திருவிழாவில் நிற்கிற குழந்தைக்கும் அப்படித்தான். மூன்று தொகுதியிலும் ஒருவர்கூட உயிருள்ளவர்போல உடுத்தியிருக்கவில்லை. இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

14 நவம்பர், வெள்ளி

சாப்பாட்டு இடைவேளையில் எண்பத்தெட்டாம் பக்கத்தின் பிரிண்ட்அவுட்டை இன்ஸ்பெக்‌ஷன் மேஜை விளக்கின் மேல் கவிழ்த்து வைத்தேன். பின்பக்கம் வழியாகத் தெரிந்த படமும் புத்தகத்தின் படமும் கோட்டுக்குக் கோடு ஒன்றாக இருந்தன. ஜப்பானிய மங்கா வலமிருந்து இடமாகப் போகும். அதற்குப் பழகாதவர்கள் இடமிருந்து வலமாகப் படிக்கட்டும் என்று, யாரோ ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டுவிட்டு, அதன்மேல் ஆங்கிலத்தை ஒட்டியிருக்கிறார்கள். எழுத்து நேராக இருந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

பிறகு பதினோரு சிவப்புக் குறிகளையும் பார்த்தேன். துடுப்பு பிடிக்கும் கை, கிழவனின் குருட்டுக் கண், துறைக்குப் போகும் படிக்கட்டு. எல்லாமே இடம் வலம் மாறியவை. வேறு வகைப் பிழை ஒன்றுகூட இல்லை. பதினோரு ஷாஃப்டும் ஒரே அளவு பிசகினால் ஷாஃப்டைக் குறை சொல்லாதே, கையில் இருக்கும் அளவுகருவியைப் பார் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அனிமேக்காரர்கள் ஒரு இடத்திலும் தவறவில்லை.

வகுப்பில் நாளைக்கான ஒத்திகை. டில்லி எழுந்து நின்று, கையை மடித்து, "இதான் ஒரிஜினல்" என்று சொல்லிப் பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பி, புத்தகத்தில் பார்த்தாயா என்று கேட்டான்.

அந்தப் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை என்றேன்.

நான் அவனிடம் சொன்ன முதல் பொய் இதுதான் என்று எழுதப் பார்த்தேன். நிச்சயமாகத் தெரியவில்லை. இந்த விஷயத்தில் முதல் பொய்.

வகுப்பு முடிந்ததும் நிஷாவும் டில்லியும் டீ சொல்லப் போனார்கள். படிக்கட்டில் நானும் ஆனந்தனும் மட்டும் நின்றோம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை வீட்டிலேயே திறந்து பார்த்துவிட்டேன் என்றார்.

ஏன் டில்லியிடம் சொல்லவில்லை, பைக்கில் கூட்டிக்கொண்டு போனீர்களே என்று கேட்டேன்.

"பச்சை குத்துன கை செல்வா. நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிரும். உங்க வாயால அவன் கேக்கணும். அதான் புத்தகத்தைக் கேட்டதும் கொடுத்துட்டேன்."

அவர் தொடர்ந்தார். பைக்கில் போனபோது வழி முழுக்க டில்லி என்னைப் பற்றித்தான் பேசினானாம். "ஒரு ஸ்பெல்லிங் தப்புன்னாகூட அந்தப் பையன் தூங்க மாட்டான்னான். எனக்கெல்லாம் அப்படி ஒரு சிநேகிதன் வாய்க்கல."

நியாயமாக இதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. புத்தகம் அவருடையது, சரியான கை எது என்பதும் அவருக்கு முதலில் தெரிந்திருக்கிறது, இப்போது பெருந்தன்மையும் அவர் பக்கமே போய்விட்டது. மிச்சம் எனக்கு என்ன என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் அந்த எரிச்சல் முழுதாகப் போகவில்லை.

கீழே டீ வந்தது. டில்லி முதல் கிளாஸை எனக்கு நீட்டினான், வலது கையால். நாரையின் கழுத்து அவன் மணிக்கட்டு வரை நீண்டிருக்கும். ஷெட்டில் சோப்புத் தண்ணீரும் ஆசிடும் பட்டு அந்த இடம் ஏற்கெனவே கொஞ்சம் மங்கிவிட்டது. ஆவடிக் கடையில், அழிப்பதற்கு முன், இடது கையில் பேனாவால் வரைந்திருந்த நாரை இதைவிட நன்றாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று ரயிலில் டில்லியும் வந்தான். பைக்கில் நிஷாவை பஸ் ஸ்டாண்டில் விடப் போய்விட்டார் ஆனந்தன். அம்பத்தூரிலிருந்து அண்ணனூர் வரை சொல்வதற்கு நேரம் இருந்தது. திருமுல்லைவாயலில் வாயைத் திறந்தேன். அவன் இயர்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்துவிட்டான்.

இரண்டு வழிகள் யோசித்தேன். ஒன்று, நாளை விவாதத்தில் நாரைச் சூட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், நேரம் போதாது என்று டில்லியிடம் சொல்லிவிடுவது. ஆனந்தன் காட்டிக்கொடுக்க மாட்டார். டில்லிக்கு ஒருபோதும் தெரியாது. ஆனால் அவன் அந்தக் கையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீட்டி ஒரிஜினல் என்பான், நான் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும். இன்னொன்று, விவாதத்திலேயே எழுந்து எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்வது. அது நேர்மைபோலத் தெரிகிறது. ஆனால் கையை மடித்தபடி நடுவில் நிற்பது அவனாக இருப்பான், நல்ல பெயர் எடுப்பது நானாக இருப்பேன். இரண்டும் வேண்டாம்.

ஆனந்தனுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதுகிறேன்.

அட்டவணையில் பதினோரு சிவப்புக் குறிகளையும் அடித்துவிட்டேன். பக்கத்தில் 'பிழை என்னுடையது' என்று எழுதித் தேதி போட்டேன்.

நாளை: டில்லியின் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது. ஒன்றே முக்காலுக்கு கார் ஷெட் வாசலில் இருக்க வேண்டும். மூன்றாம் தொகுதியும் எண்பத்தெட்டாம் பக்கத்தின் பிரிண்ட்அவுட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், மழை வந்தால் இரண்டு பிளாஸ்டிக் பை. முதலில் பிரிண்ட்அவுட்டைக் கவிழ்த்து வெளிச்சத்தில் காட்ட வேண்டும். பிறகு ஆவடிக் கடையில் அழித்ததுதான் சரியான கை, அழிக்கச் சொன்னவன் நான் என்பதைச் சொல்ல வேண்டும். விவாதத்துக்கு வருவதா வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்யட்டும்.