சத்தம் போன இரண்டு வெள்ளிக்கிழமைகள்

சித்தி லெய்லா இத்தா இருக்கத் தொடங்கித் தொண்ணூற்றொன்பதாவது நாள், அவளுடைய லெப்டொப் ஊமையாகிப் போனது.

(சித்தி என்பது உறவுமுறை அல்ல, அவள் பெயரே சித்தி லெய்லா.) நாள் கணக்கு இவ்வளவு துல்லியமாக எப்படி என்று கேட்கக் கூடாது. இத்தா இருக்கிற பெண்ணுக்குக் கலண்டரை விட்டால் வேறு கூட்டாளி யார்? கணவன் செய்னுலாப்தீன் மவுத்தான அன்றிலிருந்து நாலு மாதம் பத்து நாள், வெள்ளை உடுப்போடு, வாசல் படலை தாண்டாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். முதல் கிழமை மாம்புரி ஊர் முழுக்க அந்த வீட்டுக்குள்தான் நின்றது. இறந்தவருக்காகக் கத்தம் ஓதி முடிந்ததும் அவரவர் தோட்டத்துக்கும் தோணிக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பிறகு அவளும் காற்றும்தான். மாம்புரிக் காற்று சும்மா வீசாது, கதவைப் பூட்டினால் ஜன்னலோடு சண்டைக்கு வரும். வீட்டில் ஒரு குரலாவது கேட்கட்டும் என்று விடிந்ததும் லெப்டொப்பில் கிராஅத்தை, குர்ஆன் ஓதும் குரலை, போட்டுவிட்டுத்தான் அவள் அடுப்பை மூட்டுவாள்.

ஒரே மகன் அர்கம் கத்தாரில். ஆறு மாத ஒப்பந்தத்தில் போனவன். போய் இரண்டு மாதத்தில் வாப்பா போய்விட்டார். புது வேலை, லீவு கொடுக்கவில்லை. வாப்பாவின் மையத்தை, அந்தக் கடைசி முகத்தை, இந்த லெப்டொப் வழியாகத்தான் பார்த்து அழுதான். அன்றைக்குச் சொன்னான்: "உம்மா, ஒப்பந்தமும் உங்கட இத்தாவும் ஒண்டாத்தான் முடியுது. நீங்க வெளிய வாற அன்டைக்கு நான் வாசல்ல நிப்பன்." அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தொண்ணூற்றொன்பது நாளைத் தள்ளினாள். மற்றதெல்லாம், சாப்பாடு தூக்கம் உட்பட, கடமைக்கு நடந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு ஓய்வு. இங்கே ஜும்ஆத் தொழுகைக்கு வாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில், அங்கே அவன் பள்ளிவாசலுக்குப் புறப்படுவதற்கு முன், லெப்டொப்பில் முகம் காட்டுவான். அறையில் ஆறு பேர், மனம் விட்டுப் பேசுவதற்குக் கிடைப்பது பத்து நிமிடம். சித்தி லெய்லாவிடம் இருந்ததோ பட்டன் போன். அதில் முகம் எங்கே தெரியும்? கத்தாருக்குப் பேசினால் காசும் நிற்காது.

ஒரு வெள்ளிக்கிழமை அவன், "உம்மா, லெப்டொப் பழைய பதிப்பில ஓடுது, இனி அது பாதுகாப்பில்ல. புதுசுக்கு மாத்தணும்" என்றான். எதை அமத்த வேண்டும், எங்கே ஓம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். "வியாழக்கிழமை இரவு இதைப் போட்டுட்டு விட்டுடுங்க. விடியும்போது முடிஞ்சிரிக்கும். கண்டதையும் அமத்தக் கூடாது, என்ன?" கடைசி வார்த்தையை இரண்டு தரம் சொன்னான்.

சொன்னபடியே செய்தாள். வெள்ளி காலையில் திரை புதுப் பெண் மாதிரிப் பளபளத்தது. குசினி வேலையில் நேரம் போனதே தெரியவில்லை. பள்ளியில் வாங்கு கேட்டதும் ஓடி வந்தாள். வாங்கு கேட்டால் ரேடியோவோ டிவியோ லெப்டொப்போ, எதுவானாலும் அடக்கி வைப்பது அந்த வீட்டுப் பழக்கம். செய்னுலாப்தீன் ஒரு சொல் சொல்லமாட்டார், பார்வையாலேயே அடக்க வைப்பார். கண்டதையும் அமத்தப் பயந்து, அன்றைக்கு அவள் லெப்டொப்பில் கிராஅத்தைக்கூடப் போட்டிருக்கவில்லை. பழகின கை யோசிக்குமா? சத்தத்தை மூடுகிற பட்டனை அமத்திவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அர்கமின் முகம் வந்தது. வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

அதே பட்டனைத் திரும்ப அமத்தினாள். இல்லை. இன்னொரு தரம். பக்கத்துப் பட்டன், அதற்குப் பக்கத்துப் பட்டன். ஊஹூம். கண்டதையும் அமத்தாதே என்று பிள்ளை தலைபாடாக அடித்துக்கொண்டானே, புதுசு வந்து அரை நாள் ஆகவில்லை, அமத்திக் கெடுத்துவிட்டேனே!

அங்கேயே, "மகன், எனக்குச் சத்தம் கேக்கல்ல" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு இடமே இல்லை. அவள் குரல் அவனுக்கு நன்றாகவே கேட்டது, அவள் சொன்ன ஸலாத்துக்குச் சிரித்தானே. ஆனால் பாவி மனுசிக்கு வாய் வரவில்லை. பத்து நிமிடத்தையும் ஒரு மெஷினுக்காகச் செலவழிக்க மனம் வரவில்லை. அவன் நெற்றியைச் சுருக்கி, "என்னத்த அமத்தினீங்க?" என்று கேட்பதைப் பார்க்கவும் தெம்பில்லை. அதனால் கேட்கிற மாதிரியே இருந்தாள். அவன் வாய் அசைந்து நின்றபோது தலையை ஆட்டினாள். அவன் சிரித்தபோது சிரித்தாள். "நான் நல்லா இரிக்கன் மகன், நீ சாப்பிட்டியா?" என்று இடையில் போட்டுக்கொண்டாள். அது எந்தக் கேள்விக்கும் பொருந்தும் பதில்தானே.

முகம் மறைந்த பிறகு அழுதாள். பிள்ளையின் குரல் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் வந்து நிற்கிறது, காதுக்கு மட்டும் எட்டவில்லை. புருஷனை அடக்கிய அன்றைக்குக்கூட வீடு இவ்வளவு வெறிச்சென்று இருக்கவில்லை.

அடுத்த வெள்ளியும் அதே கதை. ஆனால் அன்றைக்கு அர்கம் நிறையப் பேசினான். நெற்றியைத் தேய்த்தான், கீழே பார்த்தான், திரும்பவும் பேசினான். பிறகு ஒரு கடதாசியை எடுத்துத் திரைக்கு நேரே பிடித்தான். இங்கிலீஷ் எழுத்து, கலங்கலாக. ஒரு ஓரத்தில் நீல நிற முத்திரை. அவள் இதயம் ஒரு துள்ளுத் துள்ளியது. டிக்கட்! வேறு என்னவாக இருக்கும்? இந்த நேரத்தில் அவன் காட்ட வேண்டிய கடதாசி வேறு என்ன?

கடதாசியை இறக்கிவிட்டு அவன் அவளையே பார்த்தான். சின்ன வயதில் கடலுக்குக் குளிக்கப் போகட்டுமா என்று கேட்கும்போது இருக்கிற அதே முகம்.

"ஓம் மகன்!" என்றாள் வாய் நிறையச் சிரிப்போடு. "எனக்குச் சந்தோஷம். அப்பிடியே செய். அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்."

அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான். அவளும் துடைத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரமே அர்கமின் அறையைக் கூட்டிக் கழுவினாள். மெத்தையைத் தட்டினாள், தலையணை உறையைத் தோய்த்துப் போட்டாள். குசினி வாசலில் மீனோடு வந்த அடுத்த வீட்டு அனஸ்தாசியாவிடம், "மகன் வாறான்" என்றாள்.

"அப்பாடா! எப்ப லெய்லா அக்கா?"

எப்போது? அங்கேதான் மாட்டிக்கொண்டாள். என்ன திகதி, எத்தனை மணிக்கு பிளேன், எயார்போட்டுக்கு வேன் அனுப்ப வேண்டுமா, ஒன்றும் தெரியாது. இனிமேலும் தலையாட்டிக்கொண்டிருக்க முடியாது. வாயை விட்டுக் கேட்டாள்: "இந்த லெப்டொப்புக்குச் சத்தம் இல்ல அனஸ்தாசியா. இத்தா வீட்டுக்கு வந்து பார்க்க ஏலுமான ஆக்கள் இரிக்காங்களா?"

"நஸ்ஹா இரிக்காவே!"

நஸ்ஹாவும் அவள் கணவனும் கற்பிட்டியில் போன், லெப்டொப் திருத்துகிற கடை வைத்திருக்கிறார்கள். ஆண்கள் போக முடியாத வீடுகளுக்கு அவள்தான் போவாள். அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, அபாயாவுக்கு மேலே ஹெல்மட்டோடு, முதுகில் பையோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். உட்கார்ந்ததும் திரையின் மூலையில் இருந்த ஸ்பீக்கர் படத்தைத் தட்டினாள். அதன்மேல் சிவப்பாக ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி.

"எப்ப இருந்து மாமி?"

"ரெண்டு கிழமை." சித்தி லெய்லா குரலைத் தாழ்த்தினாள். "புதுசு போட்ட அடுத்த நாள், வாங்கு நேரம் இந்தப் பட்டனை அமத்தினன் மகள். அதில தான் கெட்டுப் போச்சு."

நஸ்ஹா பக்கென்று சிரித்துவிட்டாள். "அல்லாஹ்வே! பட்டன்ல ஒரு பிழையும் இல்ல. புதுப் பதிப்பு வந்து பழைய ஸவுண்ட் டிரைவரைத் தூக்கிப் போட்டிரிக்கி. டிரைவர் எண்டா, லெப்டொப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில கதை கொண்டு போறவன் மாதிரி. அவன் இல்லாட்டி இது பேசுறது அதுக்கு விளங்காது. நீங்க அமத்தாட்டியும் இப்பிடித்தான் வந்திரிக்கும்."

"மெய்யாவா?"

"வல்லாஹி மாமி. உங்கட பிழை ஒரு துளியும் இல்ல."

புதுப் பதிப்பு தானாகப் போட்டிருந்த பொருந்தாத டிரைவரைக் கழற்றி எறிந்தாள். தன் போனில் இருந்து இணைப்புக் கொடுத்து, அந்த லெப்டொப்புக்கென்றே இருக்கிற டிரைவரை இறக்கினாள். ஒரு தரம் அணைத்துப் போட்டாள். அது போதாமல், சத்தம் வெளியே போகிற இடத்தையும் திருத்திவிட்டு இன்னொரு தரம் அணைத்துப் போட்டாள். "ரெண்டு கிழமையா மகனோட எப்பிடிப் பேசினீங்க? அவர்ட்ட சொல்லல்லையா?"

"சொல்லல்ல" என்றாள் சித்தி லெய்லா. நஸ்ஹா திரைப் பக்கம் திரும்பினாள்.

கிணிங் என்று ஒரு சின்ன இசை. அப்படியே குர்ஆன் ஓதும் ஒரு காரியின் குரல் அறை முழுக்க நிரம்பியது. சித்தி லெய்லா கதிரையில் இருந்து எழுந்தே விட்டாள். நஸ்ஹாவின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்து, பிளேன்டீ ஊற்ற ஓடினாள். இரண்டு கிழமையாக நெஞ்சில் வைத்து அழுத்தியிருந்த குற்றம் ஒரே நிமிடத்தில் இறங்கிவிட்டது. இனி என்ன, திகதியைக் கேட்க வேண்டியதுதான். இத்தா முடிய இன்னும் பதினேழு நாள்.

வாங்கு சொல்லி முடிந்தது. நஸ்ஹா தேத்தண்ணிக் கோப்பையோடு சுவரோரம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். அழைப்பு வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா!"

குரல்! அவனுடைய குரல்! அவள் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தாள். அதற்குள் அவன் மளமளவென்று தொடங்கிவிட்டான்.

"உம்மா, அந்தக் கடதாசியில கையெழுத்து வெச்சிட்டன். இன்னும் ரெண்டு வருஷ ஒப்பந்தம். சம்பளமும் கூட, தனி அறையும் தாறாங்க. முதல் வருஷம் லீவு இல்ல, அது தான் எனக்குப் பயமா இரிந்திச்சு. இத்தா முடியிற அன்டைக்கு வாறன் எண்டு சொல்லிட்டு எந்த முகத்தோட உங்கட்டக் கேக்குறது எண்டு ஒரு கிழமை தூங்கவே இல்ல. டிக்கட்டும் பார்த்து வெச்சிருந்தன். நீங்க கொஞ்சம் முகம் சுருங்கியிருந்தாலும், அந்தக் கடதாசியைக் கிழிச்சிப் போட்டுட்டு வந்திரிப்பன். நீங்க என்னடா எண்டா, சிரிச்சிட்டு ஓம் எண்டீங்க! வாப்பா கூட அப்பிடிச் சொல்லியிரிக்க மாட்டார் உம்மா."

சித்தி லெய்லா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே என்னவோ இடிந்து விழுந்தது, முகம் மட்டும் எப்படியோ நின்றது. கடந்த இரண்டு வெள்ளியும் பழகிய முகம் அல்லவா அது.

"உம்மா? கேக்குதா?" அர்கம் திரைக்குக் கிட்ட வந்தான். "ஏன் பேசாம இரிக்கிறீங்க?"

"கேக்குது மகன். லெப்டொப்புக்குச் சத்தம் இல்லாமப் போயிட்டு. இப்ப தான் ஒரு பிள்ளை வந்து திருத்தித் தந்தா."

அவன் முகம் சட்டென்று மாறியது. புதுப் பதிப்பைப் போடச் சொன்னவன் அவன்தானே. விரலை மடக்கிக் கிழமைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"எப்ப இருந்து உம்மா?"

நஸ்ஹா கோப்பையை வாயில் இருந்து எடுத்தாள். ஒரே ஒரு சொல்தான். உள்ளதைச் சொன்னால் அவன் வந்துவிடுவான். வேலையைப் போட்டுவிட்டு, கடனை உடனை வாங்கியாவது வந்து வாசலில் நிற்பான். சித்தி லெய்லாவுக்கு அவன் வர வேண்டும். எதையும்விட அதுதான் வேண்டும். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இன்டைக்குக் காலையில இருந்து தான்" என்றாள். "அன்டைக்கு நீ சொன்னதெல்லாம் நல்லாக் கேட்டிச்சு மகன்."