கங்காரத்னத்தின் கோணல் கட்டம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. எதிர்வீட்டுச் சுவார்த்தம்மா உலை கொதிப்பதற்குள் ஐந்து நிறக் கம்பளி நூலில் ஒரு சதுரக் கட்டம் பின்னி மடியில் போட்டுக்கொள்கிறாள். நான் மூன்று நாளாக முதல் வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எழுதி அடித்தவை இதோ:

கோதாவரி கடலில் கலக்கும் அந்தக் கரையோரத்தில் (ஆற்றுக்கும் கட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?)

வண்ணங்களின் மொழியில் அவள் விரல்கள் (சீச்சீ.)

நரசாபுரத்துப் பக்கத்துப் பெண்கள் காலங்காலமாக (இப்படி ஆரம்பித்தால் நானே படிக்க மாட்டேன்.)

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷம். வீட்டுக்கு வீடு கொக்கி ஊசி ஓடுகிறது, எனக்கு மட்டும் கைவரவில்லை. நான் பின்னிய ஒரே கட்டம், ஒரு மூலையை மறந்ததால் முக்கோணமாகி, இப்போது சூடான பாத்திரம் இறக்கப் பயன்படுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் ஊசி கோணல் என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.

2

கட்டம் எப்படி வளர்கிறது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. நடுவில் ஒரு சின்ன வளையம். அதைச் சுற்றி மும்மூன்று குத்து சேர்ந்த கொத்தாக, இடையில் ஒரு சந்து விட்டு. மூலை வந்தால் அங்கே மட்டும் இரண்டு கொத்து. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிறம்: மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம். கடைசிச் சுற்று மட்டும் எல்லோருக்கும் வெள்ளை, ஏனென்றால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்ப்பது அந்த வெள்ளையில்தான்.

வெள்ளை நூலில் மேசை விரிப்பு பின்னியே பழகிய இந்தப் பெண்களுக்கு, முதல்முறையாக வண்ணக் கம்பளி நூல் வந்தது. தொண்ணூற்றொன்பது கட்டத்தில் ஒரு போர்வை. பின்னுவது பதினொரு வீடு. எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக்குவது சுவார்த்தம்மா.

அவளுக்குக் கட்டத்தைத் தொட்டால் போதும், யார் கை என்று தெரிந்துவிடும்.* “இது மங்கதாயாரு. புருஷனோட சண்டை போட்ட அன்னைக்குப் பின்னினது. பாருங்கக்கா, எப்படி இறுகிக் கிடக்குதுன்னு.”

(* சோதித்துப் பார்த்தேன். இருபது கட்டங்களைக் கலந்து கொடுத்தேன், ஒன்றைக்கூடத் தப்பவிடவில்லை. நடுவே என் முக்கோணத்தையும் செருகியிருந்தேன். “இது யாரு வீட்டுக் கரித்துணி?” என்றாள்.)

3

கங்காரத்னத்தை இங்கே கொண்டுவர வேண்டும். எப்படி என்று தெரியாமல் ஒரு நாள் வீணாயிற்று. அவள் நடந்தே வரட்டும்.

ஊரிலேயே திருத்தமான கை அவளுடையது. கால்வாய்ப் படியில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்து, இரண்டு மாதம் கட்டுப் போட்டிருந்தாள். கட்டைப் பிரித்ததும் பிடிவாதமாக ஒரே ஒரு கட்டம் பின்னி, முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்து சுவார்த்தம்மாவின் முன்னால் விரித்தாள். ஒரு பக்கம் சுருங்கியிருந்தது, எதிர்ப்பக்கம் தொய்ந்திருந்தது.

“சுவார்த்தா, உள்ளதைச் சொல்லு. தேறுமா, தேறாதா?”

“உக்காருங்க மதினி, மோர் தரேன்.”

“மோருக்கா வந்தேன்? தேறலேன்னா சொல்லிரு. இன்னையோட ஊசியைக் கூரை எரவாணத்துல சொருகிட்டு வேற சோலியைப் பார்க்கிறேன். ஐயோ பாவம்னு மட்டும் எவளும் என்னைப் பார்க்கக் கூடாது.”

“வச்சிட்டுப் போங்க. வெயில்ல நிக்காதீங்க.”

சனிக்கிழமை, நூல் கொடுத்துப் போர்வை வாங்கிப்போகும் ஏஜென்ட் வெங்கன்னா, கட்டத்தின் அளவுக்குச் செய்த மரச்சட்டத்தோடு வருவான். கட்டம் ஒவ்வொன்றின் மேலும் சட்டத்தை வைப்பான். ஒன்று பொருந்தாவிட்டாலும் முழுப் போர்வையும் பதினொரு வீட்டுக்கும் திரும்பும். (இரண்டு முறை அவனை வில்லனாக்கப் பார்த்தேன். வரும்போதெல்லாம் பையில் மாங்காய் கொண்டுவருகிறவனை எப்படி வில்லனாக்குவது?)

4

நான் எழுதிப் பார்த்த முதல் முடிவு:

சுவார்த்தம்மா கோணல் கட்டத்தைச் சுற்றுச் சுற்றாக உருவினாள். அதே நூலில், அதே நிற வரிசையில், தானே திருத்தமாகப் பின்னினாள். கங்காரத்னம் பார்த்துவிட்டு, “என் கை திரும்பி வந்துருச்சுடி” என்று

இந்த இடத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவார்த்தம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஊசி நின்றது.

“நான் உருவினேனா? மதினி பின்னினதை, என் கையால?”

“கதைதானே சுவார்த்தா.”

“கதைன்னா எதை வேணா சொல்லிரலாமா? அவங்க நூல் முனையை இடப்பக்கம் சொருகுவாங்க, நான் வலப்பக்கம். தொட்ட உடனே தெரிஞ்சிரும். அப்புறம் அவங்க ஜென்மத்துக்கும் ஊசி தொட மாட்டாங்க. நல்லா எழுதினீங்க போங்க!”

சரி, இரண்டாம் முடிவு: கட்டத்தை யார் கண்ணிலும் படாத ஓரத்தில் வைத்துவிட்டாள்.

“ஓரத்துல வச்சா போர்வையே இழுத்துக்கிட்டுப் போகும். பத்தொன்பது வருஷமா இங்க என்னதான் பார்த்துக்கிட்டு இருந்தீங்க? கேட்டு எழுதினா வாயா வலிக்கும்?”

கேட்டேன்.

5

அவள் அந்தக் கட்டத்தை நட்டநடுவில் வைத்திருக்கிறாள். அதன் நாலு பக்கத்துக் கட்டங்களை எடுத்துக்கொண்டு, அவற்றைப் பின்னிய வீடுகளுக்கே போயிருக்கிறாள். கடைசி வெள்ளைச் சுற்றை மட்டும் உருவிவிட்டு, சுருங்கிய பக்கத்துக்கு எதிரே ஒரு கண், அதாவது ஒரு குத்து, கூட்டியும், தொய்ந்த பக்கத்துக்கு எதிரே ஒரு கண் குறைத்தும், மற்ற இரண்டை அந்தச் சாய்வுக்கு ஏற்ற மாதிரியும் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறாள். நாலில் இரண்டு மங்கதாயாருவுடையவை. அவள் சும்மா விடுவாளா?

“இப்ப ஒண்ணு கோணல். நீ சொல்றபடி செஞ்சா அஞ்சு கோணல். வெங்கன்னா சட்டத்துல அஞ்சும் மாட்டும்டி!”

“மாட்டினா மாட்டட்டும்.”

“அவ கோணலுக்கு நான் ஏன் வளையணும்?”

“உன் வீட்டுக்காரனுக்கு இருபது வருஷமா வளைஞ்சுக்கிட்டு இருக்க. மதினிக்கு ஒரு சுத்து வளைஞ்சா குறைஞ்சா போயிருவ?”

மங்கதாயாரு வாசலில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி திட்டினாளாம். திட்டிக்கொண்டே உருவினாளாம்.

இதைக் கேட்டுவிட்டு, அடித்துப்போட்ட காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். என் வாக்கியம் ஒன்று கோணினால் நான் அதை அடித்துவிடுகிறேன். சுற்றியிருக்கும் நாலு வாக்கியங்களை அதற்காகத் திருத்தி எழுதலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இவள் என்ன பெண்ணப்பா! பொறாமை என்று ஆரம்பத்தில் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இப்போது எனக்கு அவளிடம் இருப்பது மரியாதை.

6

சனிக்கிழமை சர்ச் கூடத்தில் போர்வையை விரித்தார்கள். ஒன்பது ஒன்பதாகப் பதினொரு வரிசை. (நானும் இருந்தேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.) வெங்கன்னா முதல் வரிசையில் சட்டத்தை வைத்தான். தேறியது. இரண்டாவதும் தேறியது.

கங்காரத்னம் ஓரமாக நின்றிருந்தாள். தன் கட்டம் நடுவில் இருப்பதைப் பார்த்துவிட்டு மெல்ல வந்து அதன் பக்கத்தில் மண்டியிட்டாள். தன்னுடையதைத் தொடவில்லை. இடப்பக்கத்துக் கட்டத்தின் வெள்ளைச் சுற்றைத் தடவினாள். பிறகு மேலே, வலது, கீழே. நாலையும் தடவிப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்பது அந்த விரல்களுக்குத் தெரியாமல் போகுமா?

மங்கதாயாரு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவார்த்தம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த வார்த்தையை, பாவம் என்கிற வார்த்தையை, கங்காரத்னம் இப்போது சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

“மங்கதாயாரு.”

“என்னக்கா?”

“ஒரு கண்ணு கூட்டியிருக்க.”

“சுவார்த்தாதான் கூட்டச் சொன்னா, நான் என்ன பண்ண…”

“கூட்டினது சரி. அதை மூலைக்குப் பக்கத்துல போடுவாளா எவளாவது? அங்கதான் புடைக்குது பாரு, அம்மைக் கொப்புளம் மாதிரி. நடுவுல போட்டிருந்தா வெங்கன்னா என்ன, அவங்க தாத்தா வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இத்தனை வருஷம் என் பக்கத்துல உக்கார்ந்து என்னத்தைக் கத்துக்கிட்ட?” வலது கையை நீட்டினாள். “சுவார்த்தா, ஊசியைக் கொடு.”

அந்த மூலையில் வெள்ளையைக் கொஞ்சம் உருவிவிட்டுக் கொக்கியை நுழைத்தாள். கொக்கி இரண்டு முறை நூலைத் தவறவிட்டது. மூன்றாம் முறை பிடித்தது.

வெங்கன்னா அப்போது நாலாம் வரிசையில் இருந்தான். அவள் குனிந்திருந்தது ஆறாம் வரிசையில்.

போர்வை தேறியதா என்பது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். எழுதப்போவதில்லை. இந்தக் கதையில் எனக்கு இருக்கிற ஒரே அதிகாரத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: கங்காரத்னம் அந்தக் கண்ணைப் போட்டு முடிக்கும்வரை வெங்கன்னாவை நாலாம் வரிசையிலிருந்து நிமிரவிட மாட்டேன். அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். முடித்துவிட்டு, நூலை இடப்பக்கம் சொருகிவிட்டு, “ம், இப்ப வைக்கச் சொல்லு” என்று அவள் சொன்ன பிறகு சட்டத்தை நீங்கள் நகர்த்துங்கள்.