அத்திமர மூலைப் பூ

ஓரிக்கைத் துரைக்கண்ணுவுக்கு இத்தாலியிலிருந்து பார்சல் வந்தது அறுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி அடைமழையில். தபால்காரர் வரதராஜன் சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, நனைந்து தொளதொளத்த அட்டைப்பெட்டியை நீட்டினார்.

"அனுப்பனவங்க பேரு மழையில அழிஞ்சிபோச்சிபா. ஸ்டாம்பு மட்டுந்தான் தெரியுது. உன் பேரு தப்பிச்சதே பெருமாள் புண்ணியம்."

பெட்டி நிறைய மரத்தூள். அதற்குள் சின்ன வெங்காயம் அளவில் பதினோரு கிழங்குகள், நார் நாரான பழுப்புத் தோலோடு. ஒரு கடிதமும் இருந்தது. ஊதா மை கரைந்து, காகிதம் கூழாகி, ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

மனைவி பெரியநாயகி ஒரு கிழங்கை எடுத்து மோந்து பார்த்தாள். "வெங்காயம்னு பாத்தா வாசனையே இல்ல. யாருங்க இத்த அனுப்பனது?"

"தெரியலியே" என்றார் துரைக்கண்ணு. ஆனால் அந்தத் தபால்தலையைப் பார்த்ததுமே பெட்டியை மறுபக்கம் திருப்பி வைத்தார். இத்தாலியில் அவர் தன் பேரையும் ஊரையும் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு வீட்டில்தான். அந்த வீட்டை நினைக்காமல் இருக்கத்தான் இருபத்தைந்து வருஷமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது இத்தாலியில் அவர் மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தில் கண்ணிவெடி எடுக்கிற ஆள். ஜெர்மானியர்கள் வெடி புதைத்துவிட்டுப் போன ஒரு கோதுமை வயலை, அறுவடைக்கு முன் சுத்தம் செய்யச் சொல்லி அவரையும் இன்னும் மூன்று பேரையும் அனுப்பினார்கள். நாலு நாள் மண்டியிட்டு, துப்பாக்கிக் கத்தியால் மண்ணை விரற்கடை விரற்கடையாகக் குத்திப் பார்த்து, முப்பத்தோரு வெடிகளை எடுத்தார்கள். வயல்காரக் கிழவர் தினமும் ரொட்டி கொண்டுவருவார். கூடவே அசுந்தா என்று ஆறு வயதுப் பேத்தி ஒருத்தி ஓடிவருவாள்.

கடைசியில் அத்திமரத்தடி மூலை ஒன்றுதான் பாக்கி. ஏர் படாத அந்த மூலையில் மட்டும் ஒரு காட்டுப்பூ பூத்துக் கிடந்தது. இலை வாள் போல நிமிர்ந்து நிற்கும். பூக்கள் ஒரே பக்கம் பார்த்து அடுக்கடுக்காக, ஊதாவும் சிவப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். அதைப் பறிக்க ஓடிய குழந்தையை துரைக்கண்ணு இரண்டு தடவை எட்டிப் பிடித்து நிறுத்தினார்.

ஐந்தாம் நாள் காலையில் லாரி வந்துவிட்டது. "இன்னும் ஒரு மூலை பாக்கி இருக்குதுங்க" என்று அவர் சொன்னதற்கு, "பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஏறு" என்று மேலதிகாரியிடமிருந்து பதில் வந்தது. குழந்தையை அந்தப் பக்கம் விடாதே என்று கிழவரிடம் கையால் ஜாடை காட்டினார். கிழவர் தலையை ஆட்டினார், சிரித்தார், ஒரு சிகரெட் அட்டையில் துரைக்கண்ணுவின் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார். ஜாடை அவருக்குப் புரிந்ததா? பின்னால் யாராவது வந்தார்களா? கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போயிற்று.

ஊருக்குத் திரும்பிய பிறகு, திருவிழாவில் அதிர்வேட்டு போட்டால் அவர் எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விடுவார். தன் மகளுக்கு ஆறு வயது நடந்தபோது, வருஷம் முழுக்க அவளைத் தனியாக வயலில் இறங்க விடவில்லை. காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

வந்த கிழங்குகளில் நாலை உடனே நட்டார். மழைத் தண்ணீரில் அழுகிப் போயின. மிச்சம் ஏழையும் பரணில் காயவைத்து, மழை ஓய்ந்து கார்த்திகை முடிகிற சமயத்தில், கிணற்று மேட்டில் பாலாற்று மணலைக் கொட்டிக் கலந்து நட்டார். மார்கழிப் பனியில் ஐந்து முளைத்தன. முளைத்ததை ஒரு வெள்ளாடு தரையோடு தரையாக மேய்ந்துவிட்டுப் போயிற்று. அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார். பத்து நாளில் மறுபடி பச்சை தலை காட்டியது.

"இன்னா செடிங்க இது? சாவ மாட்டன்னுது!" என்றாள் பெரியநாயகி.

இலை வாள் போல நீண்டபோதே அவருக்குச் சந்தேகம் தட்டியது. கோரைகூட இப்படித்தான் வளரும் என்று மனசை அடக்கிக்கொண்டார். மாசி மாதம் இரண்டு செடிகளில் தண்டு கிளம்பியது. ஒருநாள் காலை, பம்ப்செட்டைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். நாலு பூ விரிந்திருந்தது. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.

கஞ்சி கொண்டுவந்த பெரியநாயகி முதலில் பூவைத்தான் பார்த்தாள். "அட, ராணி கலரு! தறியில ஓடற பட்டு மாதிரியே இருக்குது!" என்றவள், பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்னாங்க, எதுக்கு அழுவறீங்க?"

வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வெடி, மூலை, லாரி, குழந்தை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னார்.

"அந்தப் பூ அந்த வயல்ல வேற எங்கயும் இல்ல நாயகி. அந்த மூலையதான் வெட்டி எடுத்திருக்காங்க. ஆனா கொழந்த என்னாச்சோ. அது போயி, அதுக்கப்புறமா..."

"நல்லா யோசிச்சிதான் பேசறீங்களா?" என்று அவள் குறுக்கே வந்தாள். "அந்த எடத்துல ஒரு கொழந்தைய வாரிக் குடுத்தவங்க, அங்கயே தோண்டி, மரத்தூள்ல பதமா வெச்சி, கடுதாசியும் எழுதி, கடல் தாண்டி உங்களுக்கு அனுப்புவாங்களா? மண்ணத் தூத்துவாங்க. இது நல்லாகீறவங்க அனுப்பனது. அந்தப் பொண்ணே அனுப்பியிருக்கும். இப்ப அதுக்கு முப்பது வயசு இருக்குமில்ல?"

முப்பத்தொன்று. அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். முப்பத்தோரு வயதில் அசுந்தாவை அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கல்யாணம் ஆகியிருக்கும். பிள்ளைகள் இருக்கும். நெஞ்சில் வெகுநாளாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்து கொடுத்தது. பெருமூச்சு ஒன்று வந்தது, அதன் பின்னாலேயே இன்னொன்றும்.

"இருக்கும்" என்றார். "அது அனுப்பனதாதான் இருக்கும்."

"கஞ்சி ஆறுது. குடிங்க."

அப்போது கீழ்வயல் கைலாசத்தின் குரல் காதைப் பிளந்தது. "யோவ் துரைக்கண்ணு! மடை ஒடைஞ்சி தண்ணியெல்லாம் என் கேவுரு கொல்லையில பாஞ்சிக்கினு இருக்குது! அங்க ஒக்காந்துக்கினு புருசனும் பொண்டாட்டியும் இன்னாய்யா பண்றீங்க?"

துரைக்கண்ணு சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடையைப் பார்க்க ஓடினார்.