இரண்டு பொத்தான்

காலை ஆறு மணிக்கே மல்சுன்னின் வலது கட்டைவிரலுக்கு வேலை வந்துவிட்டது. வெடிமருந்து இல்லாத பித்தளைப் பொய்த்தோட்டாவை எடுத்து, துப்பாக்கியில் செருகும் மேகசின் டப்பாவின் வாயில் வைத்து அழுத்த வேண்டும். அதன் மேல் இன்னொன்று. முதல் பத்து சுலபம். இருபதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். முப்பதாவது தோட்டாவுக்கு உடம்பின் பலம் முழுக்க அந்த ஒரு விரலுக்கு வந்தாக வேண்டும். நகத்துக்கடியில் ரத்தம் கட்டி, ஆறி, மறுபடி கட்டி, விரல் செருப்புத் தோலாகக் காய்த்துப்போயிருந்தது.

சாங்வோன் தொழிற்பேட்டையில் அந்தத் தொழிற்சாலைக்கு மேகசின் ஒன்றுதான் சரக்கு. பார்த்தால் வெறும் தகர டப்பாதான். ஆனால் அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் தடி என்பது அங்கே தரை கூட்டுகிறவளுக்கும் தெரியும். அடியில் ஸ்பிரிங், அதன் மேல் தள்ளுதட்டு, தட்டின் மேல் தோட்டாக்கள். எல்லாம் மேலே வரத் துடிக்கும். வாயில் உள்நோக்கி வளைந்த இரண்டு உதடுகள், மேலே இருக்கும் ஒன்றை மட்டும் மூக்கு தூக்கிய நிலையில் பிடித்து நிறுத்தும். துப்பாக்கிக்குள் முன்னும் பின்னும் ஓடும் பூட்டு முன்னால் வரும்போது அதைத் தள்ளிக்கொண்டு குழலுக்குள் போகும். அடுத்தது உடனே அந்த இடத்துக்கு ஏறும். உதடு மயிரிழை விரிந்தால் இரண்டு தோட்டா ஒன்றாய்க் கிளம்பிச் சிக்கிக்கொள்ளும். நெருங்கினால் ஒன்றும் வராது. ஸ்பிரிங் தளர்ந்தால் பூட்டு காலியாய் ஓடும்.

அதனால்தான் ஒவ்வொரு டப்பாவையும் மூன்று முறை நிரப்பி, மூன்று முறை காலி செய்து, உதட்டை அளந்து பார்க்க வேண்டும் என்று ராணுவத்தின் விதிப்புத்தகம் சொல்கிறது. யாங் மேஸ்திரியோ பத்துக்கு ஒன்று போதும் என்பார். மற்ற ஒன்பதுக்கும் மல்சுன் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துவாள். அவள் தம்பி வடக்கு எல்லையில் துப்பாக்கியோடு காவல் நிற்கிறான். அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

முந்தாநாள் வரைக்கும்தான் அந்தப் பழக்கம். முந்தாநாள் உதடு வளைக்கும் பிரஸ், அதை ஓட்டிக்கொண்டிருந்த கும்ஜாவின் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே மாட்டாது. ஒலிம்பிக் நம் நாட்டுக்கு வருகிற வருடம், ராணுவக் காவலுக்காக ஆர்டர் குவிகிறது என்று மேஸ்திரி ஒரு பொத்தானை அமுக்கி டேப் ஒட்டிவிட்டார். ஒரு கை பொத்தானுக்கு, மறு கை டப்பாவுக்கு. விரல் போனபோது பிரஸ்ஸின் சத்தம்கூட மாறவில்லை.

ஒன்பது மணிக்கு குவாக் முதலாளி வந்தார். விபத்தைப் பற்றி ராணுவத்திலிருந்து கேள்வி வந்திருந்தது. முகம் கடுகடுவென்று இருந்தது.

"கும்ஜாவுக்கு இனிமே இங்க வேலை இல்ல. சனிக்கிழமைக்குள்ள விடுதியையும் காலி பண்ணணும்."

"எதுக்கு முதலாளி?" ஸ்பிரிங் சுற்றும் பில்ரே கேட்டாள். வாய்த்துடுக்குக்காரி. "விரலக் குடுத்ததுக்கா?"

"கவனமில்லாம நடந்ததுக்கு! புத்தகத்துல இருக்கறபடி ரெண்டு கையையும் பொத்தான்ல வெச்சிருந்தா விரல் போயிருக்குமா?"

"டேப் ஒட்டினது யாரு?"

யாங் மேஸ்திரி சீலிங்கைப் பார்த்தார். முதலாளி சிரித்தார்.

"கோவம் வருதா? ஸ்டிரைக் பண்ணுங்களேன். ராணுவத்துக்கு வேலை செய்யற இடத்துல ஸ்டிரைக் பண்ணா நேரா ஜெயில்தான், தெரியும்ல?" பிறகு ஒரு தாளை நீட்டினார். "மேஸ்திரி, இத செவுத்துல ஒட்டு. இன்னியிலேர்ந்து எல்லாரும் புத்தகப்படிதான் வேலை பாக்கணும். ஒரு எழுத்து பிசகக் கூடாது. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அதிகாரிகளுக்குக் காட்டி, பழியைக் கும்ஜா தலையில் கட்டத்தான் அந்தத் தாள். அது எல்லாருக்கும் புரிந்தது.

மதியம் முளைப்பயறு சூப்பில் சோற்றைக் கொட்டிக்கொண்டு பில்ரே பொரிந்தாள். "ஜெயிலானா ஜெயிலு. நாளைக்கே மிஷின நிறுத்துவோம்க்கா."

மல்சுன் சாப்பிடவில்லை. எண்ணெய்க்கறை பிடித்த விதிப்புத்தகம் அவள் மடியில் இருந்தது. "பத்துல ஒம்போது டப்பாவுக்குப் பாக்காமலே முத்திரை குத்துனவ நான்," என்றாள். "அந்த அவசரத்துக்கு நானும் ஒத்துப் போனேன். அந்த அவசரம்தான் கும்ஜா விரலத் தின்னுச்சு." மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்தாள். "ஸ்டிரைக் வேணாம். வேலை பாப்போம். அந்தாளு கையெழுத்துப் போட்ட மாதிரியே பாப்போம்."

பில்ரே குழப்பமாகப் பார்த்தாள். மல்சுன் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பில்ரே படித்தாள். சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தாள். பிறகு, "அடி சக்க!" என்று தொடையில் தட்டினாள். மேசை மேசையாகச் செய்தி போயிற்று.

மறுநாள் காலை ஒருத்தியும் தாமதமாக வரவில்லை. ஸ்பிரிங்காரிகள் ஒவ்வொரு சுருளையும் அமுக்கி, புத்தகம் சொன்ன நேரம் வரை காத்திருந்து, உயரத்தை அளந்தார்கள். மல்சுன் முப்பது தோட்டாவை ஏற்றினாள், இறக்கினாள்; மறுபடி ஏற்றினாள், இறக்கினாள். முன்பே வளைத்து அடுக்கியிருந்ததில் ஒரு டப்பாவில் உதடு விரிந்திருந்தது. ஒரே தள்ளில் இரண்டு தோட்டா குதித்தன. 'கழிவு' என்று எழுதி ஒதுக்கினாள். மதியத்துக்குள் கழிவுக் கூடை நிரம்பிவிட்டது. தேறியது நாற்பதுகூட இல்லை.

வாசலில் ராணுவ லாரி நின்றது. முதலாளி ஓடி வந்தார்.

"என்னடி நடக்குது இங்க? உதடு வளைக்கற பிரஸ் ஏன் சும்மா நிக்குது?"

"டேப்பப் பிச்சாச்சு முதலாளி. இப்ப ரெண்டு பொத்தானும் வேலை செய்யுது," என்றாள் மல்சுன்.

"அப்ப யாராவது போய் உக்காருங்க!"

"பயிற்சி முடிச்சு சர்ட்டிபிகேட் வாங்கினவங்கதான் அதத் தொடலாம். பன்னெண்டாம் பக்கம். இங்க அது ஒருத்திகிட்டதான் இருக்கு."

"யாருகிட்ட?"

"கும்ஜாகிட்ட."

முதலாளி பில்ரேவைச் சுட்டினார். "நீ போய் உக்காரு!"

"எனக்கு சர்ட்டிபிகேட் இல்ல முதலாளி."

"நீ?"

"எனக்கும் இல்லங்க."

"எனக்கும் இல்ல." "எனக்கும்." கடைசி வரிசை வரைக்கும் குரல் போய்த் திரும்பியது. யாங் மேஸ்திரியைப் பார்த்தார் முதலாளி. "எனக்கும் இல்லீங்களே," என்று முனகினார் மேஸ்திரி. பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

லாரியோடு வந்த ராணுவ அதிகாரி சுவரிலிருந்த தாளைப் படித்தார். கழிவுக் கூடையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, தானே நிரப்பித் தள்ளிப் பார்த்தார். இரண்டு தோட்டா ஒன்றாய்க் குதித்துத் தரையில் உருண்டன.

"இதுமாதிரி எத்தனை எங்களுக்கு வந்திருக்கு?"

மல்சுன் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். "தெரியாதுங்கய்யா. பத்துல ஒண்ணுதான் பாக்க விட்டாங்க. பாக்காம முத்திரை குத்துனது என் தப்பு. இனிமே குத்த மாட்டேன்."

அதிகாரி முதலாளியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தேறும் சரக்குக்காகக் காத்திருக்க லாரியில் போய் உட்கார்ந்தார்.

"ஒவ்வொருத்தியையும் பாத்துக்கறேன்," என்றார் முதலாளி. போலீசுக்குப் போன் போடப்போகிறாரா, விடுதிக்கு ஆள் அனுப்பப்போகிறாரா, யாருக்கும் தெரியாது. அவருடைய அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மல்சுன் அடுத்த டப்பாவை எடுத்தாள். இருபத்தொன்பதுக்கு மேல் கட்டைவிரல் இறங்க மறுத்தது. நகத்தின் ஓரம் பிளந்து ரத்தம் கசிந்தது. பில்ரே எழுந்து வந்து தன் கட்டைவிரலை அவள் விரலின் மேல் வைத்தாள்.

"இது புத்தகத்துல இருக்காடி?"

"கூடாதுன்னு எங்கயும் இல்லக்கா. பாத்துட்டேன்."

இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினார்கள். முப்பதாவது தோட்டா உள்ளே இறங்கியது. வெளியே லாரி பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. மல்சுன் தோட்டாக்களை ஒவ்வொன்றாக, நிதானமாக வெளியே தள்ளினாள். அந்த டப்பாவுக்கு இன்னும் இரண்டு முறை பாக்கி இருந்தது.