ஒரே கையில் நாற்பத்தொரு கடிதங்கள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய இரும்புக் கடைகளுக்கு எதிரே மடக்கு மேஜை போட்டு மனு எழுதுகிறவர் வில்பிரட். எழுதி முடித்ததும் இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டுவார். சொன்னவர் "ஆமா, அதான்" என்ற பிறகே தேதி போடுவார். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, கார்பன் நகல் உண்டு. கடைசியில் பெயர் எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டின் முனையில் சின்னதாக ஒரு சுழி போடுவார். அச்சிறுபாக்கம் பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம் அது.

கீழ்க்கட்டளையில் ஏகநாதன் 'ஏரிமுனை' என்று மாதம் இருமுறை நாலு பக்கப் பத்திரிகை நடத்திவந்தார். பெரிய பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கென்று அடையாறில் ஓர் அறக்கட்டளை இருந்தது. ஓராண்டுக்குத் தாளும் அச்சுக்கூலியும் அது தந்தது. ஒரே நிபந்தனை: ஊர் மக்கள் பத்திரிகைக்குத் தாங்களே எழுத வேண்டும். எழுதிய கடிதங்களை அனுப்பிக் காட்ட வேண்டும்.

எழுதத் தெரியாதவர்கள் வில்பிரட் மேஜைக்கு வந்தார்கள். பத்திரிகைக் கடிதத்துக்கு அவர் காசு வாங்கவில்லை. மேட்டுத் தெரு விளக்கு அப்படி வெளிவந்த ஒரு கடிதத்தால்தான் எரிந்தது. வரப்போகும் பதினைந்தாம் தேதி இதழில் முதல் பக்கம் எல்லம்மாவின் கடிதம். அவள் தெரு அடிபம்பு எட்டு மாதமாகக் காற்றைத்தான் இறைத்துக்கொண்டிருந்தது.

கைநாட்டு வாங்காததற்கும் எல்லம்மாதான் காரணம். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"பேப்பருக்குப் போற கடுதாசில கைநாட்டு வேணாம் சார். படிக்காத கய்தன்னு ஊரே சிரிக்கும். பேரை நல்லா கையெழுத்து மாரி போட்டுடு."

வில்பிரட்டுக்கு அது நியாயமாகப் பட்டது. மற்றவர்களுக்கும் அப்படியே போட்டுக் கொடுத்தார்.

அறக்கட்டளையிலிருந்து ஞானஜோதி என்ற அம்மாள் புதன்கிழமை வந்தார். ஏகநாதன் வீட்டு முன்னறையில், அதுவரை அனுப்பியிருந்த நாற்பத்தொரு கடிதங்களையும் மேஜைமேல் பரப்பினார். நாற்பத்தொரு பெயர்களுக்கு அடியிலும் ஒரே கோடு, ஒரே சுழி.

"யார் கை இது?"

"என் கைதான் மேடம்," என்றார் வில்பிரட். "பேச்சு அவங்களது. ரெண்டு தடவை படிச்சுக் காட்டியிருக்கேன். நகல்கூட வெச்சிருக்கேன்."

"நகலும் உங்க கைதானே?"

நம்பர் போட்ட நகல் கோப்பு வில்பிரட் மடியிலேயே கிடந்தது.

"மேடம், நீங்களே வந்து அந்த ஜனங்களைப் பாருங்க," என்றார் ஏகநாதன். "பத்து நிமிஷம் நடை."

"நான் நம்பறேன் சார். நம்பி என்ன பண்றது? கமிட்டி ஜனங்களைப் பார்க்காது, பேப்பரைத்தான் பார்க்கும். பொய்க் கடிதம்னு ஏற்கெனவே ஒருத்தர் குறிப்பு எழுதிட்டார்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு செய்யுங்க. 'நான் சொல்லித்தான் எழுதினார்'னு ஒவ்வொருத்தரும் தன் கைப்பட எழுதித் தரட்டும். திங்கள்கிழமைக்குள்ள வந்துடணும். இல்லேன்னா அடுத்த இதழுக்கே தாள் கிடையாது."

"கைநாட்டு?"

"கைநாட்டை யார்கிட்ட வேணும்னாலும் வாங்கலாமேன்னு கேட்பாங்க."

அவர் போன பிறகு ஏகநாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எழுதத் தெரியாதுன்னுதானேய்யா உங்ககிட்ட வந்தாங்க!"

"முழு வாக்கியம் அவங்களால முடியாது சார். பேரையாவது போடச் சொல்லித் தரேன். நாலு நாள் இருக்கு."

அந்த வெள்ளிக்கிழமை வில்பிரட் சந்தைக்குப் போகவில்லை. காய்ந்துபோன அடிபம்புப் பக்கத்தில் மேஜையைப் போட்டார். நாற்பத்தொரு பேரில் பதினொரு பெண்கள் வந்தார்கள். மற்றவர்களுக்கு வேலை. ஆளுக்கொரு தாளில் மேலே பெயரை எழுதிக் கொடுத்து, கீழே பார்த்து எழுதச் சொன்னார். யார் கையையும் பிடிக்கவில்லை. பிடித்தால் அது மறுபடியும் தன் கையாகிவிடும் என்று பயம்.

"இன்னா சார் இது, 'எ'னா கொக்கி மாரி மாட்டிக்கினு வருது," என்றாள் எல்லம்மா.

"மெதுவா போடும்மா."

"இதைப் போட்டாதான் பம்பு மேட்டரு பேப்பர்ல வரும்னு சொல்றியா? பதினஞ்சாந்தேதி வந்துடுமில்ல?"

வில்பிரட் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லம்மா ஒரு தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். "பாரு சார். உன்னுது மாரியே வந்துடுச்சி."

எழுத்துகள் நடுங்கித்தான் இருந்தன. ஆனால் பெயருக்கு அடியில் கோடு நேராக ஓடியது. அதன் முனையில் அச்சாக அவருடைய சுழி. மாதிரித் தாள்களில் பழக்கதோஷத்தில் அவர் போட்டது. பெயரின் பாகம் என்று நினைத்து அதைத்தான் அவள் அதிகம் பழகியிருந்தாள். மற்றவர்கள் கொடுத்துவிட்டுப் போயிருந்த தாள்களை அவசரமாகப் புரட்டினார். பதினொன்றிலும் இருந்தது.

இனி வேறு எழுதச் சொல்ல நேரமில்லை. காலையில் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும்.

"நல்லா கீதா சார்?"

"நல்லா இருக்கும்மா," என்றார் வில்பிரட்.

பிளேடால் அந்தச் சுழிகளைச் சுரண்டலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். சுரண்டிய தடம் இன்னும் மோசமாகத் தெரியும். பதினொரு தாள்களையும் அடுக்கி, பழக்கப்படி எண் போடப் போனவர், பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

எல்லம்மா குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குத் தண்ணீருக்குக் கிளம்பினாள்.